சிங்கப்பூரிலிருந்து அலைக்குப் போகும் சப் போர்டு: எந்த அலைக்கு எது?

சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடலில் சறுக்க அலை கிடையாது. மேற்கே சுமத்ரா, வடக்கே மலேசியத் தீபகற்பம், தெற்கே ரியாவ் தீவுகள். பெருங்கடலில் கிளம்பும் அலை இவற்றைத் தாண்டி வருவதற்குள் ஓய்ந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஈஸ்ட் கோஸ்ட் கரையில் தெரியும் கொந்தளிப்பு வாடைக்காற்று கிளப்பும் சிற்றலை. செந்தோசாவில் திடீரென்று முட்டியில் மோதுவது தூரத்தில் போகும் கப்பலோ படகோ விட்டுச்செல்லும் அலை. ஆகவே அலைச்சறுக்குக்கென்று சப் போர்டு (நின்றுகொண்டே துடுப்புப் போடும் பலகை) வாங்கும் சிங்கப்பூரர் பயணத்துக்குத்தான் வாங்குகிறார்: மலேசியாவில் தெசாரு, இந்தோனேசியாவின் பிந்தானில் திரிகோரா, பாலி, இலங்கையில் அறுகம் குடா, சென்னைக்குத் தெற்கே கோவளம்.

இதை மறந்துவிட்டு வாங்குவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. செந்தோசாவில் சொகுசாக மிதந்த 10 அடி 6 அங்குலக் காற்றடைத்த போர்டைப் பாலிக்குத் தூக்கிக்கொண்டு போனால், முதல் நல்ல அலையிலேயே மூக்கு தண்ணீரில் குத்தி ஆளைத் தூக்கி முன்னே எறியும். போர்டில் குறை இல்லை. அது சமதண்ணீருக்கென்று செய்தது.

தேர்வுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அலை, பிறகு உங்கள் எடை, அதற்குப் பிறகே நீளமும் அகலமும் வடிவமும். கடையில் பெரும்பாலும் நீளத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கடைசியில் தானாக வரும்.

படி 1: போகும் இடத்து அலையைப் புரிந்துகொள்வது

வானிலைத் தளங்கள் சொல்லும் அலை உயரம் ஆழ்கடலில் உள்ள அலையின் உயரம். அதுவும் எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. கரையில் உடையும்போது உயரம் மாறிவிடும். அதனால் பக்கத்தில் இருக்கும் நொடிக் கணக்கைக் கட்டாயம் பாருங்கள். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் இடைவெளி அது. தெசாரு பார்த்திருக்கும் தென்சீனக் கடலில் வாடைக்காலத்து அலை பெரும்பாலும் 6 முதல் 9 நொடி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து பாலிக்கும் அறுகம் குடாவுக்கும் வரும் அலை 12 முதல் 16 நொடி. இரண்டு இடத்திலும் தளம் "1 மீட்டர்" என்றே காட்டலாம். 7 நொடி அலை இடுப்பளவில் சரிந்து நுரைத்துவிடும். 15 நொடி அலை ஆழம் குறையும்போது எழும்பி நெஞ்சுக்கு மேல் நிற்கும். ஒரே உயரத்தில் நொடி இரட்டித்தால் அலை சுமந்து வரும் ஆற்றலும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

உயரத்தை மீட்டரில் சொல்வதைவிட உடம்பால் சொல்வது நல்லது: முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை. சறுக்குபவர் அலைமுகத்தில் சற்றுக் குனிந்து நிற்கும்போது முகடு உடம்பில் எங்கே வருகிறது என்பதே அளவு. கரையில் நின்று பார்க்கும்போது குறைவாகத்தான் தெரியும். கடலுக்குள் போய் உட்கார்ந்தால் அதே அலை இரு மடங்காகத் தெரியும்.

இன்னொரு எளிய கணக்கும் கைகொடுக்கும். அலை தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த ஆழம். அரை மீட்டர் அலை மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, 1 மீட்டர் அலை 13 கிலோமீட்டரில், 2 மீட்டர் அலை 18 கிலோமீட்டரில். சின்ன அலை மெதுவானது, ஆனால் தள்ளும் பலம் அதற்கு இல்லை; போர்டுதான் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பெரிய அலைக்குப் பலம் உண்டு. அங்கே போர்டு செய்ய வேண்டிய வேலை பிடித்து நிற்பது.

இடங்களைப் பொறுத்தவரை: தெசாரு நவம்பர் முதல் மார்ச் வரை, மணற்கரையில் உடையும் அலை, காற்று கடலிலிருந்து கரைக்கு, எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. பாலியின் மேற்குக் கரை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. சாங்குவில் பத்து போலோங் மெதுவாகச் சரியும் அலை, உலுவத்து செங்குத்தான பவளப்பாறை அலை. இரண்டையும் "பாலி" என்று ஒரே பையில் போடக் கூடாது. அறுகம் குடா மே முதல் செப்டம்பர் வரை, முனையைச் சுற்றி வலப்பக்கமாக நீண்டு ஓடும் அலை. சப் போர்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் குறைவு. இலங்கையின் வெலிகம நவம்பர் முதல் ஏப்ரல் வரை, கற்றுக்கொள்பவர்களுக்கு. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அலை வரும். அந்தக் கரையின் மீனவர்கள் துடுப்போடு கட்டுமரத்தில் உடையும் அலையைத் தாண்டிப் போய்த் திரும்பிவந்தது சப் என்ற பெயருக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. ஆங்கிலத்துக்கு கட்டமரான் என்ற சொல்லைக் கொடுத்ததும் அந்த மரம்தான்.

படி 2: எடைக்கு ஏற்ற லிட்டர்

போர்டின் கனஅளவு லிட்டரில் எழுதியிருக்கும். ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் (கடல்நீர் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்). ஆனால் 75 கிலோ ஆளுக்கு 75 லிட்டர் என்றால் போர்டு தண்ணீருக்கு அடியில்தான் மிதக்கும்; போர்டின் எடையும் சேருமே. அதனால் பெருக்க வேண்டும். ஈர உடை, துடுப்பு எல்லாம் சேர்த்து உங்கள் எடையோடு 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு:

அலையில் இன்னும் நிற்கவே பழகுகிறீர்கள் என்றால் 1.7 முதல் 2 மடங்கு.
அலைமுகத்தில் திரும்ப முடிகிறது என்றால் 1.4 முதல் 1.6.
பல ஆண்டுப் பழக்கம், அசையும் போர்டிலும் நிற்க முடியும் என்றால் 1.1 முதல் 1.3.

75 கிலோ ஆளுக்கு இது முறையே 131–154, 108–123, 85–100 லிட்டர். 60 கிலோவுக்கு 105–124, 87–99, 68–81. எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதில் மனம் பொய் சொல்லும். கட்டுடலும் ஆர்வமும் உள்ளவர்கள் நேராக மூன்றாம் வரிசைக்குத் தாவுவதுதான் வழக்கமான சறுக்கல். லிட்டர் குறைந்த போர்டில் காத்திருக்கும் நேரம் முழுக்கக் கணுக்கால்வரை தண்ணீருக்குள் இருக்கும். அரை மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். மூழ்கிய போர்டு மெதுவாகப் போவதால் அலை காலடியில் நழுவிப்போகும். பத்து அலைக்கு முயன்று ஒன்றைப் பிடித்தவர் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். போதாதது 15 லிட்டர்.

மிகையானாலும் சிக்கல்தான். மிதப்பு அதிகமான போர்டின் விளிம்பை அலைக்குள் அழுத்த முடியாது. விளிம்பு அழுந்தாவிட்டால் திரும்பாது. நுரை வரும்போது அது கப்பல் பக்கம்போல் முழுப் பலத்தையும் வாங்கிக்கொண்டு உங்களைக் கரைக்கே கொண்டுவந்து விடும்.

தெசாருபோல் காற்றடிக்கும் கடலுக்கு மேலே கண்ட கணக்கோடு 10 லிட்டர் கூட்டுங்கள். கண்ணாடிபோன்ற காலைக் கடலுக்கு வேண்டாம்.

லிட்டரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்கவும் முடியாது. பக்கவாட்டு நிலைத்தன்மையைத் தருவது அகலம். 120 லிட்டரில் 28 அங்குல அகலமும் உண்டு, 32 அங்குலமும் உண்டு. முன்னது ஆடும், பின்னது நிற்கும். முதல் அலைப் போர்டுக்கு 30 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். 85 கிலோவுக்கு மேல் இருந்தால் 31–32. காற்றடைத்த போர்டின் பெட்டியில் 300 லிட்டர் என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள். 6 அங்குலத் தடிமன் அந்த எண்ணை ஊதிவிடுகிறது.

படி 3: அலைக்கு வடிவம்

போர்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மூக்கும் வாலும் மேலே வளைந்திருப்பது தெரியும். இந்த வளைவை ராக்கர் என்கிறார்கள். தட்டையான போர்டு வேகமாக வழுக்கும், சீக்கிரம் அலையைப் பிடிக்கும். ஆனால் செங்குத்தான அலையின் முகம் கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்தது. 3 மீட்டர் நீளத் தட்டைப் பலகையை அதில் வைத்தால் வால் முகட்டிலும் மூக்கு அடியிலும் முட்டும். மூக்கு குத்துவதற்கு நீங்கள் நிற்கும் இடம் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இந்தப் பொருந்தாமை.

முழங்கால் முதல் இடுப்பு வரை: 9 அடி 6 அங்குலம் முதல் 10 அடி 6 வரை நீளம், 30–32 அங்குல அகலம், அகன்ற உருண்டை மூக்கு, குறைந்த ராக்கர். வெலிகம, பத்து போலோங்கின் சின்ன நாட்கள், அமைதியான தெசாரு. அனுபவசாலிகள் இதே அலையில் 7 அடி 8 அங்குலக் குட்டைப் போர்டில் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். அதுவும் தட்டையானது, அகலமானது. நீளத்தை வெட்டிவிட்டு அகலத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து முதல் ஆண்டில் ஆசைப்பட வேண்டாம்.

இடுப்பு முதல் நெஞ்சு வரை: 8 அடி 8 முதல் 9 அடி 4, அகலம் 29.5–31, நடுத்தர ராக்கர், பின்பாதியில் கூர்மையான விளிம்பு, சதுரமாக வெட்டிய வால். ஒரே ஒரு அலைப் போர்டுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதுதான். சிங்கப்பூரிலிருந்து போகக்கூடிய இடங்களில் சப் ஏறத் தகுந்த நாட்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். 75 கிலோ ஆள் இரண்டாம் ஆண்டில் நுழையும்போது 9 அடி, 30.5 அங்குலம், 125 லிட்டர் பக்கம் தேடினால் வழி தவறாது.

நெஞ்சு முதல் தலைக்கு மேல்: 8 முதல் 9 அடி, அகலம் 27–29, கூடுதல் ராக்கர், ஒடுங்கிய வட்ட வால். பெரிய அலையில் வேகம் கூடும்போது அகன்ற வால் மேலே எழும்பி வழுக்கும், பிடி போய்விடும். ஒடுங்கிய வால் தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்கும். இங்கே லிட்டரைக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள். பெரிய அலையை முகடு நிமிர்வதற்கு முன்பே பிடித்தாக வேண்டும். அதற்குத் துடுப்பு வேகம் வேண்டும். மூழ்கும் போர்டில் வேகம் வராது. இந்த அளவு அலையில் போர்டு உங்களை விட்டுப் பறந்தால் கீழே இருக்கும் ஆளின் மண்டையை உடைக்கும். நெஞ்சளவு அலையில் போர்டைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்வர முடியாதவர்களுக்கு இந்தப் பத்தி இன்னும் தேவையில்லை.

படி 4: காற்றா, எப்பாக்ஸியா, ஃபோமா

காற்றடைத்த போர்டுக்கு இங்கே கிராக்கி அதிகம்; காரணம் வீடுதான். மடித்துப் பையில் போட்டு எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாம். செந்தோசாவுக்குத் தாராளம். அலைக்கு? 6 அங்குலத் தடிமனில் உருண்டு திரண்ட விளிம்பு, தண்ணீரைப் பிடிக்கும் கூர்மை எங்கும் இல்லை. நிற்பவரின் கால் தண்ணீர்மட்டத்திலிருந்து சில அங்குல உயரத்தில் இருப்பதால் ஆட்டம் கூடுதல். அலையில் வாழைத்தண்டுபோல் நடுவில் வளையும். 12–15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை கை வலிக்க அடித்தாலும் இது முழுக்கத் தீராது. முழங்கால் அலை வரை விளையாடலாம், அவ்வளவுதான். எடுத்துப்போக வேறு வழியே இல்லை என்றால் 4.7 அங்குலத் தடிமனில், கழற்றி மாட்டும் ஃபின் (போர்டின் அடியில் மீன்துடுப்புபோல் நிற்கும் தகடு) உள்ளதாகப் பாருங்கள்.

உண்மையான அலைப் போர்டு எப்பாக்ஸி பிசின் பூசியது. உள்ளே இலேசான ஈபிஎஸ் நுரை, மேலே கண்ணாடியிழை அல்லது கார்பன். இடித்தால் வெடிக்கும், வெடிப்பை மூடாமல் கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் நுரை தண்ணீர் குடித்து எடை ஏறும். கார்பன் இலேசு, விலை அதிகம், அடிபட்டால் பரிதாபம். முதல் போர்டுக்குக் கண்ணாடியிழையே போதும். மேலே மெத்தென்ற நுரை போர்த்தியவை பள்ளிகளில் வாடகைக்குக் கிடைக்கும். கற்றுக்கொள்ளும் மாதங்களில் உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பாதுகாப்பு.

கேரசல் இணையச் சந்தையில் பழையது வாங்கினால் நான்கு விஷயம் பாருங்கள். நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் பரவலாக அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் மேலுறை நுரையைவிட்டுப் பிரிந்திருக்கிறது, விட்டுவிடலாம். ஃபின் மாட்டும் பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா. வீட்டுத் தராசில் நிறுத்து, தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட ஒரு கிலோவுக்குமேல் கூடியிருந்தால் உள்ளே தண்ணீர். கடைசியாகக் காற்றுத் திருகு, அதாவது உள்ளே விரியும் காற்றை வெளியேற்றும் துளையின் மூடி. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் சில காசுச் செலவில் மாற்றலாம், ஆனால் விலையில் குறைக்கக் கேட்கலாம்.

படி 5: ஃபின், லீஷ், துடுப்பு

சின்ன அலைக்கு நடுவில் 8–9 அங்குல ஒற்றை ஃபின், பக்கத்தில் இரண்டு சிறியவை. நேராக ஓடும், திரும்பச் சோம்பல்படும். இடுப்புக்குமேல் போனால் ஏறக்குறைய ஒரே அளவுள்ள மூன்று ஃபின். செங்குத்தான, வேகமான அலைக்கு நான்கு. ஐந்து ஃபின் பெட்டி உள்ள போர்டு கிடைத்தால் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாம். ஃபியூச்சர்ஸ், எஃப்சிஎஸ் என்ற ஃபின் வகைகளின் திருகுகளுக்கு 3/32 அங்குல அறுகோணச் சாவி. இரண்டை வாங்கி, ஒன்றைப் போர்டுப் பையிலேயே போட்டுவையுங்கள்.

லீஷ் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) போர்டின் நீளத்துக்குச் சமமாக, 7–8 மில்லிமீட்டர் தடிமனில், நேரானதாக இருக்க வேண்டும். சமதண்ணீரில் பயன்படும் சுருள் கயிறு அலையில் ஸ்பிரிங்போல் போர்டை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். குட்டையான லீஷும் அதையேதான் செய்யும்.

துடுப்பு உங்கள் உயரத்தைவிட 3 முதல் 6 அங்குலம் நீளமாக இருந்தால் போதும். 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 178–185. சமதண்ணீருக்கு வாங்கியது 8–10 அங்குலம் கூடுதலாக இருக்கும். அதை அலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றால் தோள் காதைத் தொடும். தண்ணீரைத் தள்ளும் அலகு 80–90 சதுர அங்குலம். பெரிய அலகு ஒரு இழுப்பில் அதிகம் தள்ளும், ஆனால் அலை பிடிக்கத் தேவை சட்டென்ற ஆறேழு குட்டி இழுப்புகள்.

படி 6: வீடும் விமானமும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூரை பெரும்பாலும் சுமார் 2.6 மீட்டர். 8 அடி 6 அங்குலப் போர்டு 259 சென்டிமீட்டர், உரசிக்கொண்டு நிற்கும். 9 அடி என்பது 274, அதைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும் அல்லது சுவரில் படுக்கைவசமாகத் தொங்கவிட வேண்டும். வாங்கும் முன்பே மின்தூக்கியின் உள்ளே மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நுழையாவிட்டால் படிக்கட்டு, அதுவும் எத்தனையாவது மாடி என்பதைப் பொறுத்தது. நடைபாதையில் வைக்கும் எண்ணமிருந்தால் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்ற விதியை நினைவில் வையுங்கள். வெயில்படும் பக்கமும் வேண்டாம். மூடிய காரிலோ வெயிலிலோ கிடந்தால் உள்ளே காற்று விரிந்து மேலுறை பிரியும்.

விமானங்களில் நீள வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் போர்டின் சென்டிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள். 9 அடிக்கும் 10 அடிக்கும் நடுவில் தயங்கிக்கொண்டிருந்தால் இந்த ஒரு கேள்வியே முடிவு சொல்லிவிடலாம். ஃபின்களைக் கழற்றி, மூக்கு, வால், விளிம்பு மூன்றையும் தடிமனாகச் சுற்றுங்கள். கையால் திறக்கும் காற்றுத் திருகு உள்ள போர்டில் பறக்கும் முன் திருகைத் தளர்த்த வேண்டும். போய் இறங்கியதும் இறுக்க வேண்டும். தளர்த்த மறப்பவர்கள் குறைவு. இறுக்க மறந்து கடலில் இறக்கி, நாள் முழுக்க நுரைக்குத் தண்ணீர் ஊட்டியவர்கள்தான் அதிகம். துடுப்பில் ஒரு வண்ண ரப்பர் மாட்டிவைத்து, திருகை இறுக்கிய பிறகுதான் அதைக் கழற்றுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

படி 7: புறப்படும் முன் இங்கேயே சோதனை

அலை இல்லாவிட்டாலும் சிங்கப்பூரிலேயே போர்டைப் பாதியளவு சோதித்துவிடலாம். காற்றடிக்கும் பிற்பகலில் தஞ்சோங் கடற்கரையோ ஈஸ்ட் கோஸ்டோ போதும். கப்பல் தடத்துப் பக்கம் போக வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராக் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும், மேற்கு வானம் கறுத்தால் கரைக்குத் திரும்புங்கள்.

முதலில் இரண்டு காலும் இணையாக வைத்து ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். அடுத்து ஒரு காலைப் பின்னுக்கு வைத்துச் சறுக்கும் நிலையில் பத்து இழுப்பு. பிறகு இன்னும் ஓரடி பின்னே போய், வாலை அமுக்கி, மூக்கைத் தூக்கி 180 பாகை திரும்புங்கள். அலை வருவதைப் பார்த்துத் திரும்ப இதுதான் வழி. கடைசியாக விழுந்து, பத்து நொடிக்குள் ஏறி நில்லுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை செய்து எண்ணுங்கள். பத்தில் ஏழு முறை நிற்க முடிந்தால் அந்தப் போர்டைத் தெசாருவுக்குக் கொண்டுபோகலாம். நான்கைந்தில் நின்றுபோனால், கடைக்காரரிடம் அதே நீளத்தில் ஓர் அங்குலம் அகலம் கூடிய போர்டைக் கேளுங்கள்; வாலை அமுக்கித் திரும்பும்போது மட்டும் விழுகிறீர்கள் என்றால் போர்டை மாற்ற வேண்டாம், பின்காலை நடுக்கோட்டில் வைத்து இன்னும் ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.